ஊசி போடத் தயங்கும் உறவோடு பேசுவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2021 தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் 2 விருந்தாளிகள்தான் வரலாம் என்ற கட்டுப்பாடு அப்போது இருந்தது. அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் காரணமாகச் சொன்னோம். உண்மை வேறு. அவர் கொவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு 3 வாரம் முன்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் பார்க்க, "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு நீங்கதான் காரணம். நான் மன்னிக்கவே மாட்டேன்" என்று அவருக்கு எழுதியிருந்தேன். அவர் பதில் போடவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டார்.

தடுப்பூசி போட்டவருக்கு ஒரு விதி, போடாதவருக்கு ஒரு விதி என்றிருந்தது 2022 அக்டோபர் 10ஆம் தேதியோடு முழுவதுமாக நீங்கியது. நான் எழுதிய அந்த இரண்டு வரி அவர் மனத்தில் அப்படியே இருந்தது. அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொவிட் போனாலும் இந்தச் சண்டை போகவில்லை. பேரனுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி) வேண்டாம் என்கிறார் ஒரு மருமகள். உயர்நிலை 1 படிக்கும் மகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி எதற்கு என்கிறார் ஒரு அப்பா. 70 வயதில் சளிக்காய்ச்சல் ஊசியா என்கிறார் தாத்தா. நான் மருத்துவர் இல்லை. ஊசி வேண்டும் என்று முழுமனதாக நம்புகிறவள், அதற்காக அண்ணனைக் கிட்டத்தட்ட இழந்தவள், அவ்வளவுதான்.

முதல் படி: குழுவில் பேசுவதை இன்றே நிறுத்துங்கள்

15 பேர் பார்க்கும் இடத்தில் யாரும் மனம் மாறமாட்டார்கள். மாறினால் தோற்றதாக ஆகிவிடும், அதுவும் சித்தப்பா, மச்சான், தம்பி மனைவி எல்லார் முன்னிலையிலும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தி இணைப்பும் அவரை இன்னும் கொஞ்சம் இறுக வைக்கும். அவர் ஃபார்வர்டு போட்டால் குழுவில் பதில் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று தோன்றினால் "இதப் பத்தி எனக்குத் தெரிஞ்சத யாராவது கேட்டா தனியா சொல்றேன்" என்று ஒரு வரி போதும்.

ஏற்கெனவே கடுமையாக எழுதியிருந்தால், மன்னிப்பை அதே குழுவில் கேளுங்கள். எல்லார் முன்பும் அவமானப்படுத்திவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்புதான். ஊசியைப் பற்றிய உங்கள் கருத்தை மாற்ற வேண்டியதில்லை. "சொன்ன விதம் தப்பு" என்பது மட்டும் போதும். பின்னால் ஒரு "ஆனா" வேண்டாம்.

இரண்டாம் படி: பயம் எது என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நான் பிழைவிட்டதும் இங்கேதான்.

2021 அக்டோபர் கடைசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குத் தோசை வாங்கத் தேக்கா போயிருந்தேன். அக்டோபர் 13 முதல் ஊசி போடாதவர்கள் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலமாக வாங்கிப் போகலாம். பஃபளோ ரோடு பக்கம் இருக்கும் தூணுக்கு அருகில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் தோசைப் பொட்டலம். மறுகையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தேநீர், அதற்குள் ஸ்ட்ரா. 20 வருடமாகக் கோயிலுக்குப் போய்விட்டு அதே கடை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். நானும் பார்க்காததுபோல் போய்விட்டேன். "பிடிவாதம், பட்டுத்தான் திருந்துவார்" என்று அன்று நினைத்ததை இப்போது எழுதவே கூசுகிறது.

அந்த ஆகஸ்ட் கடைசியிலேயே சிங்கப்பூரில் 80 விழுக்காட்டினர் ஊசியை முழுமையாகப் போட்டு முடித்துவிட்டார்கள். மீதி இருந்தவர்களில் பலர், ஊரே ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம் என்று உணர்ந்திருப்பார்கள். அப்படி நிற்பவரிடம் தகவலைக் கொட்டினால் காதில் ஏறாது.

2022 மார்ச்சில் ஒருநாள், அவர் புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்: "அண்ணே, போடச் சொல்ல வரல. உங்களுக்கு எதுண்ணே பயம்? அத மட்டும் சொல்லுங்க." வெகுநேரம் பேசவில்லை. பிறகு உதட்டைத் தொட்டுக் காட்டினார். தேசிய சேவையில் இருந்தபோது காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டார்களாம். சில நிமிடத்தில் உதடும் கண்ணும் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு வராமல் தரையில் கிடந்திருக்கிறார். சரியான பிறகு அங்கிருந்த ஒருவர், "பயந்துட்டே, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. 2021 தொடக்கத்தில், கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் ஃபைசர், மொடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசியைப் போட வேண்டாம் என்று இங்கே அறிவித்திருந்தார்கள். அதை அவர் படித்திருந்தார். தரவுகள் சேர்ந்ததும் 2021 நடுவில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். "முன்னாடி ஆபத்துன்னாங்க, இப்ப பரவாயில்லங்கறாங்க. எத நம்புறதும்மா?" என்றார். 6 மாதமாக நான் அவரிடம் ஊசியால் மரபணு மாறாது, அதில் மைக்ரோசிப் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தக் கவலையே இல்லை!

உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014இல் தயக்கத்துக்கு மூன்று வேர்களைச் சொன்னது: நம்பிக்கைக் குறைவு, நமக்கு எதுவும் வராது என்ற அலட்சியம், போய்ப் போட்டுக்கொள்வதில் உள்ள சிரமம். உங்கள் ஆளுக்கு எது என்று பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "நேரமில்ல" என்பவருக்கு அறிவியல் பாடம் எடுப்பதைவிட, அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் முன்பதிவு செய்துகொடுத்து, உடன் போவது நல்லது.

கேட்கும்போது "ஏன் போடல?" வேண்டாம், அது விசாரணை. "எது கவலையா இருக்கு?" என்று கேளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். முதல் நாள் அதோடு எழுந்துவிடுங்கள். ஒரே அமர்வில் முடிக்கப் பார்த்தால் எல்லாம் பாழ்.

மூன்றாம் படி: அவர் சொல்வதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்

"பக்கவிளைவே கிடையாது" என்று சொன்னீர்களோ, உங்கள் பேச்சு அன்றோடு சரி. ஏனென்றால் அது பொய். எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு, அரிதாக, குறிப்பாக இளம் ஆண்களுக்கு இதயத் தசை அழற்சி வந்தது. இங்கேயே 2021இல் 16 வயது மாணவர் ஒருவர் ஊசி போட்ட 6ஆம் நாள், கனமான எடை தூக்கிய பிறகு இதயம் நின்று விழுந்தார். அவருக்கு, ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசாங்க நிதி உதவித்திட்டத்தின் உச்சத்தொகையான 225,000 வெள்ளி வழங்கப்பட்டது. ஊசிக்குப் பிறகு கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரையும் வலுவாக வந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, கொவிட் தொற்றே இதயத் தசையை இன்னும் அதிகமாகப் பாதிக்கக்கூடியது என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். அப்போது கேட்பார்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனது என்று பெண்கள் சொன்னபோது பலர் அதைக் கற்பனை என்றார்கள். பின்னர் வந்த ஆய்வில் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டதும், விரைவில் பழையபடி ஆனதும் தெரிந்தது. பெண்கள் சொன்னது உண்மைதான். அதிலிருந்து குழந்தை பிறக்காது என்று முளைத்த வதந்திதான் பொய்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கிறார்கள். சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் இதைக் கேட்பது மிக நியாயம், சிரிக்காதீர்கள். எம்எம்ஆரிலேயே ஜெலட்டின் உள்ள வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு. மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டால் சொல்வார்கள். கொவிட் ஊசி முஸ்லிம்களுக்கு ஏற்றதே என்று சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 2020 டிசம்பரிலேயே கூறியது. அண்டை வீட்டு பாய்க்கு என்னைவிட அந்த வார்த்தைதான் பெரிது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

நான்காம் படி: ஃபார்வர்டுக்குப் பதில் சொல்லும் விதம்

தமிழ்க் குழுக்களில் மிக அதிகமாகச் சுற்றியது நடிகர் விவேக்கின் மரணம். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மயங்கி விழுந்தார், 17ஆம் தேதி காலை போய்விட்டார். நமக்கு நெருங்கிய ஒருவர் போனதுபோல்தான் இருந்தது. மக்களை ஊசி போடச் சொல்ல முன்வந்தவரே போய்விட்டாரே என்ற அதிர்ச்சி வேறு. இந்தச் செய்தியை அனுப்புகிறவரிடம் "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று வெட்டிப் பேசாதீர்கள். அவர் துக்கத்தையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார். முதலில் விவேக்கைப் பற்றியே பேசுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: அவருடைய இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக் குழு அந்த அக்டோபரில் முடிவு தெரிவித்தது. அவர் போட்டது கோவேக்சின். இங்கே பெரும்பாலோர் போட்டது ஃபைசர், மொடர்னா. அந்தத் தொழில்நுட்பமே வேறு.

எம்எம்ஆர் போட்டால் ஆட்டிசம் வரும் என்பது இதைவிடப் பழைய கதை. 1998இல் பிரிட்டனில் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 650,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. எம்எம்ஆர் போடும் ஒன்று, ஒன்றேகால் வயதில்தான் பேச்சு வரவில்லை என்பதும் கண்ணில் படத் தொடங்கும். அடுத்தடுத்து நடப்பதால் தாய்க்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மா உங்களிடம் இப்படிச் சொன்னால் எண்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

ஒரு நாளில் ஒரு வதந்தி போதும். வதந்தியை நீட்டி முழக்கித் திரும்பச் சொல்லாதீர்கள். உண்மையில் தொடங்கி உண்மையில் முடியுங்கள்.

ஐந்தாம் படி: பேச வேண்டியவர் நீங்கள்தானா?

பல சமயம் இல்லை. தங்கை சொன்னால் அண்ணன் கேட்கமாட்டார், மருமகள் சொன்னால் மாமியார் கேட்கமாட்டார். அவர் யாருடைய வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிறார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணி. அவர் செய்தது ஒன்றே ஒன்று. 15 வருடமாக அவர்களைப் பார்த்துவந்த பக்கத்து புளோக் மருந்தகத்து டாக்டரிடம், ஊசியைப் பற்றி வாயே திறக்காமல், "அந்த ஒவ்வாமையை மட்டும் எழுதி வைச்சுக்கலாம்" என்று அண்ணனை அழைத்துப் போனார். டாக்டர் முதலில் உதட்டைப் பற்றித்தான் கேட்டாராம். 20 வருடத்துக்கு மேல் கழித்து ஒருவர் அதை நம்பிக் கேட்டார். ஊசிப் பேச்சு இரண்டாவது தடவை போனபோதுதான் வந்தது.

வயதானவர்களுக்குத் தமிழில் பேசும் தாதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பலதுறை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து "என்ன சொன்னாங்கன்னே புரியல" என்னும் பாட்டிகள் ஏராளம்.

பாட்டிகளிடம் எனக்குக் கைகொடுத்தது மாரியம்மன். சவுத் பிரிட்ஜ் ரோடு கோயில் 1827இல் எழுந்தது. அம்மை வந்தால் வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, அம்மனிடம் வேண்டிக்கொண்ட அதே மக்கள்தான் "அம்மை குத்திக்கொண்டார்கள்". உங்கள் பாட்டியின் மேல்கையில் அந்த வட்டத் தழும்பு இருக்கும், தொட்டுக் கேளுங்கள். பெரியம்மை 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். "அம்மனையும் கும்பிட்டோம், ஊசியும் குத்திக்கிட்டோம்" என்று என் பெரியம்மா தானாகவே சொன்னார். அதற்குமேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் படி: கணவன் மனைவிக்குள் வந்தால்

குழந்தை விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால், அதை இரு வீட்டாருக்கும் நடுவே கொண்டுபோகாதீர்கள். "உங்க அம்மா பேச்சக் கேட்டு" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அது ஊசிச் சண்டையாக நிற்காது. தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் ஊசி போடுவது சிங்கப்பூரில் தொற்றுநோய்கள் சட்டப்படி கட்டாயம். பாலர் பள்ளிச் சேர்க்கையிலும் இதைப் பார்ப்பார்கள். எம்எம்ஆர் முதல் ஊசி 12 மாதத்தில், இரண்டாவது 15 மாதத்தில். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகள் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குப் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் எனும் அரசாங்க மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்தில் கிடைக்கும். தயங்கும் பெற்றோரை ஊசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, ஊசியில்லாமல், கேள்வி கேட்க மட்டும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாராலும் யோசிக்க முடியாது.

எச்பிவி ஊசியை 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள். நம் அப்பாக்கள் இதில் நெளிவதற்குக் காரணம், அந்தக் கிருமி உடலுறவால் பரவுவது. "என் பொண்ணப் பத்தி என்ன நெனச்சீங்க?" என்று கோபமே வரும். இது கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, கிருமி உடலில் சேர்வதற்கு வெகுமுன்பே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும், திருமணத்துக்குப் பின் கணவரிடமிருந்துகூட வரலாம் என்று சொன்னபோது என் மைத்துனர் அமைதியானார். அந்த நோயில் அத்தையோ பெரியம்மாவோ போன குடும்பம் என்றால் அதையே பேசுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் மனைவி இருந்தால் இன்னும் கடினம். 2020இல் தங்கும் விடுதிகளில் இருந்த 323,000 வெளிநாட்டு ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. அவ்வளவு பட்ட பிறகும், ஊரிலிருந்து "ஊசி போடாதீங்க, நமக்கு இன்னும் பிள்ளை இல்ல" என்று தொலைபேசியில் அழும் மனைவிக்கு அந்தத் தம்பிகள் என்ன பதில் சொல்வார்கள்? அவர்களோடு பழகுகிறவர்கள், மனைவியையும் வீடியோ அழைப்பில் சேர்த்து, நம்பகமான ஒருவரைப் பேசவைப்பதுதான் வழி. கணவரை மட்டும் சம்மதிக்கவைத்தால் சண்டை ஊருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஏழாம் படி: எல்லை போடுங்கள், தண்டனை வேண்டாம்

மனம் மாறும்வரை வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டுமே. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தட்டம்மைக்கு எதிரான ஊசி இன்னும் விழுந்திருக்காது. கீமோ எடுக்கும் அம்மாவுக்கு எம்எம்ஆர் போன்ற உயிருள்ள கிருமி ஊசியைப் போடவே முடியாது. இப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றியிருப்பவர்கள்தான் வேலி. அதனால் நேரடியாகச் சொல்லுங்கள்: "இருமல், காய்ச்சல் இருந்தா பாப்பாவப் பாக்க அடுத்த வாரம் வாங்க." இதை ஊசி போட்டவர், போடாதவர் எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் 16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் இருமலுக்கான ஊசியைப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் கொஞ்சம் பாதுகாப்புச் சேரும்.

எல்லைக்குள்ளேயே உறவுக்கு ஒரு வாசல் விடுங்கள். வீட்டுக்குள் வர முடியாவிட்டால் புளோக்குக்குக் கீழே சந்திக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கலாம். திருமணத்துக்குக் கூப்பிடாமல் விடுவது, பேரப்பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பது, இதெல்லாம் தண்டனை. தண்டனைக்குப் பயந்து ஊசி போட்டவர் அடுத்த ஊசிக்கு வரமாட்டார், உங்கள் வீட்டுக்கும் வரமாட்டார்.

கடைசிவரை போடாமலேயே இருப்பவர்களும் உண்டு. என் அத்தை சளிக்காய்ச்சல் ஊசியை இன்றுவரை தொடவில்லை. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் அவருக்கு அது இலவசம் என்றும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கேட்பேன், "வேணாம்மா" என்பார். சரி என்று மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

எட்டாம் படி: சம்மதித்த நாளில்

"அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. முன்பதிவைச் சீக்கிரமான தேதியில் போடுங்கள். ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், பழைய அனுபவம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும். காலையில் சாப்பிட்டுவிட்டு, கை தூக்க வசதியான சட்டையில் போகச் சொல்லுங்கள். மயக்கம் வருமோ என்று பயந்தால் படுத்துக்கொண்டு போட முடியுமா என்று கேட்கலாம். போட்ட பிறகு உட்காரச் சொல்லும் நேரம் முழுவதும் உட்காருங்கள். மூச்சுத்திணறல், உதடு வீக்கம், நெஞ்சுவலி வந்தால் யோசிக்காமல் 995. மறுநாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த ஒரு நாள் காய்ச்சலே அடுத்த வதந்தியாகிவிடும். மாலையில் ஒரு தடவை கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அண்ணன் 2022 ஜூனில் போட்டுக்கொண்டார். என்னையும் வரச் சொன்னார். ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் உட்காரச் சொன்னார்கள், அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நிமிடத்துக்கொரு முறை உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதுவும் பேசவில்லை. அன்று இரவு அவரைக் குடும்பக் குழுவில் மறுபடி சேர்க்கச் சொன்னார் அம்மா. அவராகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்டோபர் 24, தீபாவளியன்று காலை 6 மணிக்கு அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "குழுவுல போட்டுடு. எத்தன மணிக்கு வரணும்னு அங்க கேக்கணும்."